இரண்டு என்று எழுதினேன்

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். அந்த வகுப்புக்கும் என்மேல் தனிப்பிரியம், இரண்டு வருஷம் விடவில்லை. ஈப்போவுக்கு வெளியே, ரப்பர் மரங்களைத் தள்ளிவிட்டுக் கட்டிய ஒரு சின்னத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. சோப்பில் சேர்க்கும் வாசனைச் சரக்கு செய்கிறோம். அதற்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு குரோமியத் தூளைக் கலக்க வேண்டும். கையுறை போட்டாலும் எப்படியோ உள்ளே புகுந்துவிடும். அதை அள்ளி அள்ளி என் விரல்களில் குழி விழுந்துவிட்டது. சோற்றைப் பிசைந்தால் எரியும். கரண்டியால்தான் சாப்பிடுகிறேன், பெரிய இடத்துப் பிள்ளை மாதிரி.

போன வருஷம் பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு பெண் வேலைக்கு வந்தாள். கண்ணாடி ஜாடியில் இரண்டு கரித்தகடுகளைத் தொங்கவிட்டு மின்சாரம் விட்டாள்.

"தூளே வேணாம்ணே. அது செய்ற வேலைய கரண்ட்டே செஞ்சிரும். ஆத்துக்கும் விஷம் போகாது."

"அப்ப நான் என்னம்மா செய்றது?"

"மீட்டர பாத்துக்கிட்டு சும்மா உக்காருங்க."

"அதுலதாம்மா நான் டிகிரி வாங்குனவன்."

எங்கள் முதலாளி தவுக்கே ஒரே ஒரு வாய்ப்புக் கொடுத்தார். சாயங்காலம் நான்கு மணிக்கு வந்து பார்ப்பார். பிடித்தால் பெரிய மெஷின், இல்லையென்றால் பழைய தூள். அன்று காலை அவள் மீட்டர் முள்ளை இரண்டில் வைத்துவிட்டு, முதலில் செய்த சரக்கைச் சோதிக்க டவுனுக்குப் போனாள்.

"ரெண்டுலயே இருக்கட்டும்ணே. மணிக்கு ஒருவாட்டி நம்பர இந்தத் தாள்ல எழுதுங்க. கூட்டிராதீங்கலா, மெதுவாதான் ஆகும்."

மத்தியானம் தாண்டியும் ஜாடியில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. தவுக்கே வந்து உதட்டைப் பிதுக்குவார், நான் மறுபடி தூள் அள்ளுவேன். அந்த நினைப்பு என்னை உட்காரவிடவில்லை. வாலிபத்தில் பீடோர் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவன் நான். பால் எடை குறைந்த நாளில், மேற்பார்க்கும் மண்டோர் கவனிக்காத நேரமாகக் கத்தியை ஆழமாக இறக்குவேன். அன்றைக்குப் பால் கொட்டும். பட்டை பிறகுதான் சாகும்.

குமிழைத் திருகி முள்ளை எட்டுக்கு ஏற்றினேன்.

குபுகுபுவென்று நுரைத்தது. எனக்கு ஒரே பெருமை. அரை மணி நேரத்தில் ஜாடி கொதித்து, கருகல் நாற்றம் அடித்து, தகடுகளில் தார் மாதிரி ஏதோ அப்பிக்கொண்டது. அவசரமாக இரண்டுக்கே கொண்டுவந்தேன். தாளில் எல்லா மணிக்கும் இரண்டு, இரண்டு என்று என் வாழ்நாளிலேயே அழகான கையெழுத்தில் எழுதிவைத்தேன்.

அவள் திரும்பி வந்த கொஞ்ச நேரத்தில் தவுக்கேயும் வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு, "தா போலே லா", முடியாது என்று மலாயில் சொல்லிக் கையை விரித்துவிட்டுப் போனார். மறுநாளே லாரியில் தூள் வந்து இறங்கியது.

அவள் என்னைத் திட்டவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டுலயே இப்படிக் கருகுதுன்னா, என் முறையே தப்புண்ணே."

அப்போதே சொல்லியிருக்கலாம். நாளெல்லாம் வம்பளக்கும் என் வாய் அன்றைக்குப் பார்த்து லீவு எடுத்துக்கொண்டது. மாதக் கடைசியில் அவள் வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

போன வாரம் தைப்பிங்கிலிருந்து கூப்பிட்டாள். பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாளாம்.

"ஒன்னு மட்டும் கேக்கணும்ணே. அன்னைக்கு நான் இல்லாதப்ப கூட்டுனீங்களா?"

"இல்லம்மா."

"கொஞ்ச நேரம்கூட?"

"இல்லவே இல்ல."



"அப்ப நான்தான் தப்பா யோசிச்சிருக்கேன். மனசுல அரிச்சுக்கிட்டே இருந்துச்சு, இனிமே விட்டுரலாம்" என்றாள். எனக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தாள்.