சங்கு ஊதினால் தட்டை எடு

நான் எடுத்த படங்களிலேயே என்னை நடுங்க வைத்தது அந்தப் பட்டாளத்துக் காமெடிதான். முந்தைய இரண்டு படங்களும் ஊத்திக்கொண்டிருந்தன. அதைவிடப் பெரிய பயம் எங்கள் தேயிலை எஸ்டேட் ஊரான வண்டிப்பெரியாரில் இருந்தது: என் அண்ணன். பட்டாளத்தில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்தவர். “பட்டாளத்தக் கேலி பண்ணி எடுத்தேன்னு வையி, எங்கூடப் பேச்சே வச்சுக்காத” என்று போனிலேயே சொல்லிவிட்டார். அப்பா அம்மா போனபிறகு எனக்கு மிஞ்சியவர் அவர் ஒருவர்தான். சொன்னால் செய்கிற மனுஷன் வேறு!

படத்தில் ஒரு காட்சி. எல்லை முகாமில் அபாயச் சங்கு ஊதுகிறது. எல்லாரும் பதுங்குகுழிக்கு ஓட, எஸ்டேட்டிலிருந்து போன புதுப் பையன் மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்கு நடக்கிறான். தேயிலை ஃபேக்டரிச் சங்கு கேட்டு வளர்ந்தவன். மத்தியானம் சங்கு ஊதினால் வேலையைப் போட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும் என்பதுதான் அவனுக்குத் தெரியும். நிஜத்தில் அது அண்ணன் அடித்த கூத்து. முதல் லீவில் எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்று நடித்தே காட்டினார். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. ஆட்களை இப்படிச் சிரிக்க வைக்க வேண்டும் என்று எனக்குக் கிறுக்குப் பிடித்தது அந்தச் சாயங்காலம்தான். ஆனால் இரண்டு லீவுக்கு அப்புறம் அண்ணன் அந்தக் கதையை வாயில் எடுக்கவில்லை. கேட்டால் எழுந்து போய்விடுவார்.

சென்னையில் போட்டுக் காட்டியபோது அந்தக் காட்சிக்கு ஒரு ஈ காக்கைகூடச் சிரிக்கவில்லை. “சங்குக்கும் சோத்துக்கும் என்ன சார் சம்பந்தம்? வெட்டிடலாம்” என்றார் தயாரிப்பாளர். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “அப்ப என் பேரையும் சேர்த்து வெட்டிருங்க” என்று எழுந்துவிட்டேன். காட்சி தப்பியது.

ஊருக்குப் பக்கத்தில் குமுளியில் படம் வந்ததும் பகல் காட்சிக்கு அண்ணனை அழைத்துப் போனேன். மதினி விரட்டாத குறையாகத் தள்ளிவிட்டதால்தான் வந்தார். தியேட்டர் முழுக்க எஸ்டேட் சனம். திரையில் சங்கு ஊதியதுதான் தாமதம், பையன் அசைவதற்கு முன்பே, “ஏலே, தட்ட எடுடா!” என்று பின்வரிசைப் பெண்கள் கத்தினார்கள். கூரை பிய்த்துக்கொண்டு போகிற சிரிப்பு. அப்பாடா, என் பிழைப்பு தப்பியது! ஆனால் அண்ணன் சிரிக்கவில்லை. முகம் இறுகிப்போய் உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தார். “ஏன்டா தம்பி, ஒத்த ஆளக் காட்டிட்ட? நாங்க ரெண்டு பேருல்ல போனோம்.”

பள்ளிவாசல் என்கிற ஊரின் தேயிலை எஸ்டேட்டுக்காரன் ஒருவனும் தட்டோடு பின்னாலேயே வந்தானாம். காலிக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, சோறு போட ஆளைக் காணோமே என்று இரண்டு பேரும் திட்டிக்கொண்டிருந்தார்களாம். பிறகு ஒரு நாள், நிஜமாகவே குண்டு விழுந்தபோது, அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். அதோடு அண்ணன் கதை சொல்வதை நிறுத்தியிருக்கிறார்.

“கோவமாண்ணே?”

“போடா கிறுக்கா. அந்தப் பய சிரிச்ச மாதிரியே இருந்துச்சுடா எனக்கு.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் எடு. மூணு எடு.”

எடுத்தேன். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு சீட்டை விட்டு உட்கார்ந்தார். சங்கு ஊதியதும் அந்தக் காலிச் சீட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தார்.