ஒரு விலாசத்துக்கு ஒரு வரிசை

அன்றைக்கு எங்கள் வீட்டு முன்கூடத்தில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, கல்யாணம் நிச்சயமாகியிருந்த அக்கா, அம்மாவின் தம்பியான மாமா, அப்போது சின்னப் பிள்ளையாயிருந்த நான். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சித்தப்பாவும் சித்தியும் இருந்தார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்பதுதான் அன்றைய பிரச்சினை என்பதால் தனியாகச் சொல்கிறேன்.

கிள்ளானில், மேரு போகும் சாலையோரம் வரிசையாகக் கட்டிய தெரஸ் வீடுகளில் 27ஆம் எண் வீடு அது. தாத்தா போனபிறகு முன்பாதியில் நாங்களும் பின்பாதியில் சித்தப்பாவும் இருந்தோம். பத்திரத்திலேயே இரண்டாகப் பிரித்துக்கொள்வோம் என்றார் சித்தப்பா. தன் உயிர் உள்ளவரை அது நடக்காது என்றார் அப்பா. ஒருநாள் சித்தப்பா பின்சந்துக் கதவில் 27ஏ என்று பெயின்டால் எழுதினார். சாயங்காலமே அப்பா அதன்மேல் வெள்ளையடித்துவிட்டார். அதோடு பேச்சு நின்றது, பலகைத் தடுப்பு வந்தது. அந்தப் பக்கம் யாராவது தும்மினால் அம்மா பழக்கதோஷத்தில் ‘நூறு’ என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொள்வாள்.

மாமா அப்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக்கடையின் மாடியில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி, இரவல் லேப்டாப்பைக் குழந்தையைப்போல் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கல்யாணப் பத்திரிகை உறைகளில் இனி யாரும் கையால் விலாசம் எழுத வேண்டியதில்லை. டேட்டாபேஸில் போட்டுவிட்டால் ஸ்டிக்கராக அச்சடித்து ஒட்டிக்கொண்டே போகலாம் என்பது அவர் திட்டம்.

முதலில் டேபிள் கட்ட வேண்டும் என்றார். பெயர், விலாசம், தொலைபேசி, எத்தனை பேர் சாப்பிட வருவார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபீல்டு. ஒவ்வொரு ஃபீல்டிலும் எழுத்து வருமா எண் வருமா என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டுமாம். தொலைபேசிக்கு ‘எண்’ என்றார் மாமா. அக்கா தட்டத்தட்ட, எல்லா எண்களுக்கும் முன்னாலிருந்த பூஜ்யம் காணாமல் போயிற்று. போன பூஜ்யங்கள் எங்கே போயிருக்கும்? மாமா தலையைச் சொறிந்துவிட்டு அதை எழுத்து என்று மாற்றினார். அக்கா அதுவரை தட்டியதையெல்லாம் அழித்தாள்.

அடுத்தது, ஒருவர்போல் இன்னொருவருக்கு வரவே கூடாத ஒரு ஃபீல்டு வேண்டும் என்றார். பெயரை வைத்தால், எங்கள் சொந்தத்தில் ஒரே பெயரில் பலர். தொலைபேசியை வைத்தால், சில வீடுகளில் அதுவே இல்லை. “ஒரு வீட்டுக்கு ஒரு பத்திரிகைதானே?” என்றார் அப்பா. அதனால் விலாசம் என்று முடிவாயிற்று. ஒவ்வொரு வரிசைக்கும் கம்ப்யூட்டரையே தானாக ஓர் எண் போடச் சொல்லியிருக்கலாம். ஒன்பதாம் வகுப்பான படிவம் மூன்றோடு பள்ளியை விட்டு, இப்போது ஒரு கிடங்கில் சரக்குப் பட்டியல் பதிகிற எனக்கே அது தெரியும். அந்தப் பாடம் நடந்த அன்று மழை, மாமா போகவில்லை.

சோதனைக்காக முதல் வரிசையில் அப்பாவின் பெயரையும் எங்கள் விலாசத்தையும் போட்டுக் காட்டினார் மாமா. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “டேபிள்ல இல்லாத ஆளு இல்லாத ஆளுதான் மச்சான்” என்றார் மாமா பெருமையாக. அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அம்மா பெயர்களைச் சொல்ல, அக்கா தட்டினாள். கடைசியில், அம்மா சொல்லாமலே அக்கா ஒரு பெயரைத் தட்டினாள். சித்தப்பாவின் பெயர். பள்ளிக்கூடத்துக்கு அவளைத் தன் லோரியின் முன்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போனவர் அவர்தான். விலாசத்தில் எங்கள் விலாசத்தையே தட்டினாள். லேப்டாப் டங் என்றது.

இந்த விலாசம் ஏற்கெனவே இருக்கிறதாம், ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறது என்றார் மாமா. தடுப்புக்கு அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது.

“சுலபம் லா மச்சான். நம்பருக்குப் பின்னால ஒரு ஏ போட்டா ஏத்துக்கும்.”

அம்மா மாமாவை முறைத்தாள். அந்தப் பக்கம் டிவி நின்றேவிட்டது.

“சித்தப்பா பேரு ஏறாம நான் இங்கேருந்து எந்திரிக்க மாட்டேன்” என்றாள் அக்கா. குரலை உயர்த்தவில்லை.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

“ஏ போடாத. என் வரிசைய அழிச்சிரு. கூப்பிடுறவன் நான், எனக்கு எதுக்குப் பத்திரிகை? அந்த விலாசத்துல அவன் பேரப் போடு.”

அழித்தால் திரும்ப வராது, நிச்சயமா என்று லேப்டாப் கேட்டதாம். மாமா அதைச் சத்தமாக வாசித்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையசைத்தார். அப்பாவின் பெயர் போயிற்று. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், அது திரும்ப வரவில்லை. எங்கள் விலாசத்தில் சித்தப்பாவின் பெயர் ஏறியது.

அப்போதிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வீடு சித்தப்பாவுடையதாகிவிட்டது. நாங்கள் எங்கே போவோம்? அம்மாவிடம் கேட்டால் அவள் அழுவாளோ என்று கேட்கவில்லை. புத்தகப்பையிலிருந்து புத்தகங்களை எடுத்துவிட்டுச் சீருடையையும் பல்துலக்கியையும் வைத்துக்கொண்டேன்.

பத்திரிகைகள் தயாரானதும் முதல் பத்திரிகை சித்தப்பாவுக்குத்தான். தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமத்தோடு அப்பாவும் அம்மாவும் கிளம்பினார்கள். பலகையை நகர்த்தினால் பின்கட்டு. ஆனாலும் முறையாக முன்கேட்டைத் திறந்து, தெருமுனை சுற்றி, பின்சந்துக்குப் போனார்கள். பையை மாட்டிக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன்.

கதவைத் திறந்த சித்தப்பா எங்களைப் பார்த்ததும் உள்ளே ஓடிச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். “பெரியவளுக்குக் கல்யாணம். நீதான் முன்னால நிக்கணும்” என்றார் அப்பா, தம்பியின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு. சித்தப்பா பத்திரிகையை வாங்கினார். பிரித்துப் பார்க்கவில்லை. உறைமேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரையே படித்தார். தன் பெயரின்மேல் விரலை ஓட்டி, 27 என்ற எண்ணுக்கு வந்ததும் விரலை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை.

“சித்தப்பா, வீடு இப்ப உங்க பேர்ல இருக்கு. கல்யாணம் முடியுற வரைக்கும் நாங்க முன்னால இருந்துக்கலாமா?”

அம்மா என் தோளைப் பிடித்தாள். சித்தப்பா என்னையும் என் பையையும் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

“உள்ள வாங்கண்ணே” என்றார்.

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அம்மாவும் போனாள். சித்தி டீ போட அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. நான் மட்டும் பையோடு வாசலிலேயே நின்றேன். இருக்கலாமா கூடாதா என்று நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே.