துபாயும் மதுரையும், நடுவில் ஒன்றரை மணி நேரம்

இன்று அதிகாலை ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்குப் பேருந்து. பக்கத்து இருக்கை அக்கா, துபாயிலிருந்து ஊருக்கு வரும் மகனின் விமான டிக்கெட்டைப் போனில் காட்டினார்.

"தம்பி, போனப்ப ஏறுற நேரம், எறங்குற நேரம் பார்த்தா ரெண்டரை மணி நேரந்தான் வந்துச்சு. வாரதுக்கு மட்டும் அஞ்சரையா? பிளைட்டு சுத்தி வருதா?"

"ரெண்டுமே நாலு மணி நேரந்தான்க்கா. அங்க கடிகாரம் நம்மளவிட ஒன்றரை மணி நேரம் பின்னாடி."

அக்கா முகம் மாறிவிட்டது.

"அடப்பாவமே! தெனமும் ஆறரைக்குப் போன் போட்டு, 'ஏலே, விடிஞ்சும் என்ன தூக்கம்'னு வைவேனே! அங்க அஞ்சு மணியா? ஒரு நாளும் சொல்லலியே எம்புள்ள!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, சமாதானம் சொல்ல உடனே மகனுக்குப் போன் போட்டார்.

அப்போது இங்கே மணி ஆறேகால்.

நான் தடுக்கவில்லை. நீங்கள் தடுத்திருப்பீர்களா?