வாசல் லைட்டுக்கு ஒரு சுவிட்ச்

மேலூரில் முப்பது வருஷம் அறிவியல் பாடம் எடுத்த பிலோமினாள் டீச்சருக்கு ரிட்டயர்டு ஆன பிறகும் ஓய்வில்லை. கணவர் மரியராஜ் பக்கவாதத்தில் படுத்து ரெண்டு வருஷம் ஆகிறது. சென்னையில் வேலை பார்க்கும் மகன் ஜெய்சன், போன தடவை வந்தபோது வாசலில் சென்சார் லைட் ஒன்றை மாட்டிவிட்டுப் போனான். ஆள் வந்தால் தானாக எரியும்.

நாய் வந்தாலும் எரிந்தது. காற்றில் முருங்கைக் கிளை ஆடினாலும் எரிந்தது. ஒவ்வொரு தடவையும் மரியராஜ் கட்டிலில் இருந்தே குழறலாகக் கேட்பார்: "ஜெய்சனா?"

டீச்சர் முழங்கால் வலியோடு எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து, "யாருமில்லைங்க" என்பார். ஒரே சாயங்காலத்தில் ஏழெட்டு முறை. கணவர் முகம் வாடுவதைப் பார்க்கத்தான் அவரால் முடியவில்லை.

எலக்ட்ரீசியன் ராம்கியை வரச் சொன்னார்.

"சென்சார் தூரத்தைக் குறைச்சு வைக்கலாம் டீச்சர்" என்றான் அவன்.

"வேணாம்ப்பா, கழட்டிரு. மஞ்ச பல்பு ஒண்ணு மாட்டி, என் கைக்கு எட்டுற மாதிரி உள்ள ஒரு சுவிட்ச் வையி."

அன்று ஆறரை மணிக்கு டீச்சரே லைட்டைப் போட்டார்.

"ஜெய்சனா?"

"இல்லைங்க, நான்தான் போட்டேன்."

அப்புறம் வெளிச்சம் ஒரே சீராக இருந்தது. மரியராஜும் கேட்கவில்லை. டீச்சர் நாற்காலியில் சாய்ந்து, ரொம்ப நாளைக்குப் பிறகு காபியைச் சூடாகக் குடித்தார். ஆனாலும் அந்தக் கேள்வி வராதது அவருக்கு ஒரு மாதிரியாகவே இருந்தது.