இருபத்தெட்டாவது ஓட்டு

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பேஸ்பால் பார்க்கிற யாருக்கும் லெஸ்டர் கோவாட்சின் பெயர் தெரியும். முகம் தெரிந்தவர்கள்தான் குறைவு. இரண்டாம் உலகப் போர் முடிந்து வந்த கையோடு மாலைப் பத்திரிகையில் சேர்ந்தவர், ஐம்பத்தொன்பது வயதிலும் அதே ஆட்டச் செய்தியைத்தான் எழுதிக்கொண்டிருந்தார். மதியத்துக்கு ஈரல் சாசேஜ் வைத்த ரொட்டி, வெங்காயம் தூக்கலாக. பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டால் அவருக்கென்ன வந்தது? மனிதர் பிடிவாதக்காரர், ஆனால் யார் மனதையும் நோகடிக்கத் தெரியாதவர். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் வம்புதான்.

பிடிவாதம் முழுக்க ஓட்டுப் போடுவதில் வெளிப்படும். ஆண்டின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் யார் என்பதை, அணி இருக்கிற ஊருக்கு இரண்டு பத்திரிகையாளர் என்ற கணக்கில், இருபத்தெட்டுப் பேர் முடிவு செய்வார்கள். ஒவ்வொருவரும் பத்துப் பெயர்களை வரிசைப்படுத்தி அனுப்ப வேண்டும். பந்து எறிகிறவர்களுக்கு லெஸ்டர் முதலிடம் கொடுத்ததே கிடையாது. "அவங்களுக்குத்தான் தனியா ஒரு பரிசு இருக்கே, இங்கயும் வந்து கைய நீட்டணுமா?" என்பார். பேசிப் பார்த்தவர்கள் எல்லோரும் தோற்றுப்போனார்கள்.

அவருக்கும், ஊரின் இன்னொரு ஓட்டுக்காரரான காலைப் பத்திரிகை எம்மெட்டுக்கும் நடுவே ஒரு பழக்கம் இருந்தது. ஊர் அணியில் ஒருவனுக்கு, அவன் ஜெயிக்க வழியே இல்லாவிட்டாலும், முதலிடத்துக்கு ஓர் ஓட்டு விழுந்துவிட வேண்டும். ஒரு வருடம் இவர் போடுவார், மறுவருடம் அவர். ஜெயிக்கிறவன் எப்படியும் ஜெயிப்பான். உள்ளூர்க்காரன் வீட்டில் ஒரு நாள் சந்தோஷம். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

1978இல் முறை லெஸ்டருடையது. அது ஆர்லன் டீட்ஸின் கடைசி வருடமும்கூட. ஆர்லன் ஊர் அணியின் கேட்ச்சர்; எறிகிற பந்தைப் பிடிப்பவன், எப்படி எறிவது என்று சைகை காட்டுபவனும் அவன்தான். மட்டையடிப்பவனுக்குப் பின்னால் வருடக்கணக்காகக் குந்தி உட்கார்ந்ததில் இரண்டு முழங்காலும் போய்விட்டன. ஆட்டமில்லாத மாதங்களில் வெள்ளிக்கிழமை தோறும் ஸ்டான் கடையில் லெஸ்டரோடு உட்கார்ந்து மீன் வறுவல் சாப்பிடுவான். லெஸ்டருக்குப் பிள்ளை இல்லை. அவனை மகன் என்று அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான். போகிறவனுக்குத் தன் கையால் ஏதாவது செய்து அனுப்பவேண்டும் என்று அவர் மனம் அடித்துக்கொண்டது.

அந்த வருடம் மேற்குக் கடற்கரை அணி ஒன்றில் டெக்ஸ்டர் குவார்ல்ஸ் என்ற இளைஞன் அடித்த அடியை யாரும் மறுக்க முடியாது. லெஸ்டரே அவனைப் பற்றி அரைப் பக்கம் புகழ்ந்து எழுதியிருந்தார். ஓட்டுச் சீட்டை உறைக்குள் போடும்போது மனைவி டோரதி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, குவார்ல்ஸ ரெண்டாவதா போட்டிருக்கீங்க?"

"அவனுக்கு ஊரே இருக்கு. ஆர்லனுக்கு நான் ஒருத்தன்தான்."

"அப்ப ஆர்லன்தான் எல்லாரையும்விட ஒசத்தின்னு நெனைக்கிறீங்களா?"

"தபால்காரர் வந்துடுவாரு, விடு," என்று லெஸ்டர் உறையை ஒட்டினார்.

நவம்பரில் முடிவு வந்தது. இருபத்தேழு பேர் குவார்ல்ஸுக்கு முதலிடம் கொடுத்திருந்தார்கள். ஒரே ஒருவர் கொடுக்கவில்லை. எல்லோரும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற பெருமை எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அது அந்தப் பையனுக்குக் கைக்கெட்டி வாய்க்கெட்டாமல் போனது. மத்தியானத்துக்குள் அந்த ஒருவர் யாரென்று வானொலியில் சொல்லிவிட்டார்கள். கண் டாக்டரின் முகவரி எழுதிச் சில கடிதங்கள் வந்தன. லெஸ்டர் அவற்றைப் படித்துச் சிரித்தார். திட்டு வாங்கியே பழகிய உடம்பு.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை ஆர்லன் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. தொலைபேசியை எடுத்த அவன் மனைவி, தூங்குகிறான் என்றாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு யார் தூங்குவார்கள்? லெஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை.

"என்னய்யா லெஸ், ஒன்னோட முதலிடத்துக்காரன் எங்க, காணோம்?" என்றான் கடைக்கார ஸ்டான். "டீட்ஸ் எத்தன பீர் வாங்கிக் குடுத்தான்னு ரேடியோவுல கேக்குறான், கேட்டியா?"

லெஸ்டர் அதைக் கேட்டிருக்கவில்லை. கேலி தன்னோடு நிற்கும் என்று நினைத்தது எவ்வளவு முட்டாள்தனம்! ஒரு மனிதன் ஓடாகத் தேய்ந்து ஆடி முடித்த வருடத்தை நாலு பேர் சிரிக்கிற மாதிரி ஆக்கிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை ஆர்லன் வந்தான். மேசையைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தான். ஸ்டான் மீன் தட்டை வைத்துவிட்டுப் போனான்.

"வேணும்னு செய்யலப்பா," என்றார் லெஸ்டர். "ஒனக்கு நல்லதுன்னுதான்..."

"தெரியும் லெஸ். அதான் கோவப்படவும் முடியல." ஆர்லன் எலுமிச்சைத் துண்டைப் பிழிந்தான். "குவார்ல்ஸ் மட்டை பிடிக்கறப்போ அவன் பின்னால நான் இந்த வருஷம் எத்தனையோ நாள் குந்தி உக்காந்திருக்கேன். அவன எப்படி அவுட்டாக்கறதுன்னு கடைசி வரைக்கும் எனக்குப் புரியல. என் கையில ஓட்டு இருந்தா அவனுக்குத்தான் போட்டிருப்பேன்."

லெஸ்டர் தலையை ஆட்டினார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மழுப்பாம சொல்லுங்க. நான்தான் முதல்னு நெனச்சா போட்டீங்க?"

முப்பது வருடமாக ஆட்டக்காரர்களின் முகத்துக்கு நேரே கேள்வி கேட்டவர் லெஸ்டர். பதில் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிந்தது.

"இல்ல," என்றார்.

"பின்ன எத்தனாவதுன்னு நெனச்சீங்க? பத்துக்குள்ளயாவது இருந்தேனா?"

"மூணாவது. நீ இல்லன்னா அந்தப் பந்து எறியிற பசங்க தலையும் புரியாம வாலும் புரியாம நின்னிருப்பானுங்க. நீ பேட்ல அடிச்சத நான் கணக்குலயே எடுக்கல. அது இல்லாமலே மூணாவது."

ஆர்லன் நிமிர்ந்து பார்த்தான். இரண்டு வாரமாக இருண்டு கிடந்த முகம் மெல்லத் தெளிந்தது.

"மூணாவதா? இத்தன பேர்லயா? நெஜமாவா லெஸ்?"

"சத்தியமா."

ஆர்லன் மீன் தட்டைத் தள்ளிவைத்தான். பிறகு, தாழ்ந்த குரலில் சொன்னான்:

"அத அப்படியே சீட்டுல எழுதியிருக்கலாமே."