கல்லில் இருந்த முதல் பெயர்

சங்கையா பதினெட்டு வருஷம் தேவிகுளத்து மலையில் தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டினான். அவன் வெட்டிய வரிசையில் நூல் பிடித்துப் பார்த்தாலும் கோணல் இராது. 1927 ஆடி மழையில் சரிந்த பாறை ஒன்று அவன் வலது முழங்காலை நசுக்கியது. அத்தோடு மலையேறுகிற பிழைப்பு முடிந்தது.

எஸ்டேட்டில் வேலைக்காரர் பட்டியலில் பெயர் உள்ளவனுக்குத்தான் குடியிருக்க லைன் வீடு. வேலைக்கு ஆகாதவன் பெயரை மாசக் கடைசியில் அடித்துவிடுவார்கள். எந்தப் புண்ணியவான் போட்ட சட்டமோ தெரியவில்லை. மலைக்குக் கீழே சங்கையாவுக்கு ஒரு ஓலைக்கூரைகூட இல்லை. தேயிலை ஸ்டோரில் ஒரு காவல் வேலை காலியாக இருந்தது. உட்கார்ந்த இடத்தில் பார்க்கிற வேலை. ஆனால் எஸ்டேட்டின் வெள்ளைக்காரத் துரைக்கு இங்கிலீஷில் எழுதிக் கேட்க வேண்டும்.

தேவிகுளம் கச்சேரி வாசலில் மனு எழுதும் பாஸ்கலிடம் நொண்டிக்கொண்டே போனான். பாஸ்கல் அந்த மலைக்குப் புதிது. கதையைக் கேட்டு மளமளவென்று எழுதியவர் கடைசியில், மேலே யாருக்கு என்று போடும் இடத்துக்கு வந்து நின்றார்.

“ஒங்க தொர பேரு என்ன?”

“கொக்குத் தொரைங்க.”

“அது நீங்க வச்ச பேரு. அவங்க அப்பன் வச்ச பேரக் கேக்கேன்.”

துரைக்கு நீளக் கழுத்து என்பது சங்கையாவுக்குத் தெரியும், பெயர் தெரியாது. “பொதுவா ஐயான்னு போட்டுருங்களேன்” என்றான்.

“ஐயான்னு தொடங்கினா கிளார்க்கப் பாருன்னு தள்ளிருவாங்க. பேரச் சொல்லிக் கூப்பிட்டாத்தான், யாரோ தெரிஞ்சவன்னு நின்னு படிப்பாங்க.” பாஸ்கல் ‘டியர்’ என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டுக் கொடுத்தார். “விசாரிச்சு எழுதிக்க.”

கிளார்க்கிடம் கேட்க வழியில்லை. அந்தக் காவல் வேலைக்குத் தன் மைத்துனனைக் கொண்டுவரத் துடித்துக்கொண்டிருந்தவரே அவர்தான். பங்களா பட்லர் வேதமுத்துவிடம் போனான்.

“பதினோரு வருஷமா எனக்கு மாஸ்டர்தான்” என்றார் வேதமுத்து. “எழுதப் படிக்கத் தெரிஞ்சா நான் ஏன் கோழி உரிக்கேன்?”

அப்போதுதான் சங்கையாவுக்குப் பங்களாவுக்குப் பின்னாலிருந்த கல் ஞாபகம் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன் துரையின் ஆறு வயது மகன் காய்ச்சலில் போய்விட்டான். பெட்டியைச் சுமந்த நாலு பேரில் சங்கையாவும் ஒருவன். கனமே இல்லாத பெட்டி. துரையின் மனைவி, மேம், அடுத்த கப்பலிலேயே சீமைக்குப் போய்விட்டாள். துரை மட்டும் ஞாயிறுதோறும் அந்தக் கல்லுக்கு முன்னால் போய் நிற்பார்.

கல்லில் மேலே பெரிய எழுத்தில் ஒரு பெயர், கீழே சின்ன எழுத்தில் இன்னொன்று. சங்கையா யோசித்தான். தன்னை எழுதும்போது ‘கருத்தப்பாண்டி மகன் சங்கையா’ என்றுதான் எழுதுவார்கள். எந்த ஊரிலும் அப்பன் பெயர்தானே முன்னால் வரும்? பெரிய எழுத்து பெரியவருடையது என்று முடிவு செய்தான். ஈரப் புல்லில் காலை நீட்டி உட்கார்ந்து, முதல் வரியை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து, பாஸ்கல் விட்ட இடத்தில் பென்சிலால் வரைந்தான். எழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. ஆனாலும் அவனுக்குத் திருப்தி. காகிதத்தை வேதமுத்துவிடம் கொடுத்தனுப்பினான்.

நாலாம் நாள் வேதமுத்து லைன் வீட்டுக்கு வந்தார். முகம் சரியில்லை.

“சங்கையா, என்னத்தல எழுதுன? தொர பிரிச்சாரு. ‘டியர் ஹென்றி’ன்னு வாய்விட்டுப் படிச்சாரு. மேம் தோட்டத்துல நின்னு கூப்பிடுவாங்களே, அந்தப் பேரு. அது செத்துப்போன சின்னவரு பேரு. அதுவும் பிள்ளை கிறுக்குன மாதிரி எழுத்து.”

“அப்புறம் அண்ணாச்சி?”

“அதுக்குக் கீழ ஒரு வரி படிக்கல. மூணு நாளா வெளியே வரல. கிளார்க் நீட்டுன காயிதத்துலெல்லாம் கையெழுத்துப் போட்டாரு. காவல் வேலை அவரு மச்சானுக்குப் போயிருச்சு.”

“நம்ம கடுதாசி?”

“சின்னவரு சிலேட்டு இருக்குற பொட்டிக்குள்ள வச்சுப் பூட்டிட்டாரு. அது சங்கையா குடுத்தது மாஸ்டர்னு சொல்ல வாயெடுத்தேன். போன்னு கையக் காட்டிட்டாரு.”

வேதமுத்து போனார். சங்கையாவுக்குத் துரைமேல் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால்கூடத் தேவலை. அந்தப் பெட்டியின் லேசான கனம்தான் தோளில் திரும்பத் திரும்ப வந்தது.

மாசம் முடிந்தது. பெயரை அடித்துவிட்டார்கள். அவன் மனைவி சுருளியம்மாள் சட்டிபானையைக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டாள். போடிக்குப் போகும் மலையிறக்கத்துக்குத் திரும்பும் முன் கேட்டாள்.

“தப்பா எழுதிட்டேன், மன்னிச்சுக்கோங்கன்னு இன்னொரு கடுதாசி எழுதிப் போட்டுட்டுப் போவமா?”

“போடலாம்” என்றான் சங்கையா, கம்பை ஊன்றிக்கொண்டே. “எடுத்ததும் அவர என்னன்னு கூப்பிடுறது?”