மச்சினன் அனுப்பிய கார்ட்ரிட்ஜ்

பஸ் ஓட்டின காலத்தில் டிப்போவில் அவருக்கு வைத்த பெயர் ஹாரன். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஒரு குரல் விட்டால் முன்னால் போகிற லாரி ஒதுங்கும் என்பார்கள். மனசு தங்கம். வாய்தான், அப்பப்பா, வாயா அது! ரிடையர் ஆன பிறகு ஹாலில் இருந்த ரெக்கார்டு பிளேயரே கதி என்று கிடந்தார். இசைத்தட்டைத் துடைக்கிறபோது மட்டும் அந்த மனுஷன் மூச்சைக்கூட மெதுவாக விடுவார்.

மனைவிக்குப் பிறந்த வீடு என்று மிஞ்சியிருந்தது ஒரே தம்பி. வாட்ச் ரிப்பேர் பார்க்கிறவன், அவன் ஒரு வார்த்தை பேசி முடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். மாமா ரிடையர் ஆனதற்கு அவன் ஒரு சின்னப் பெட்டி அனுப்பியிருந்தான். உள்ளே ஒரு கார்ட்ரிட்ஜ். தட்டில் ஓடுகிற முள்ளைத் தாங்குகிற, விரல்நுனி அளவுச் சாமான். மயிரிழை ஒயர்களை அதில் மாட்ட ஹாரனுக்குக் காலைப்பொழுது முழுக்கப் பிடித்தது. முள்ளை இறக்கினார். பாட்டு பக்கத்துத் தெருவில் ஓடுகிற மாதிரி கேட்டது. வால்யூமைக் கடைசிவரை திருகினார். இரைச்சல்தான் கூடியது.

உடனே ஃபோனை எடுத்துவிட்டார். யோசனையெல்லாம் அவருக்குப் பிறகுதான் வரும். செத்த சாமானை என் தலையில் கட்டிவிட்டாயா, தள்ளிவிட வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று கத்தித் தீர்த்தார். அதற்கப்புறம் அக்கா கூப்பிட்டால்கூட அவன் எடுக்கவில்லை, மாதா மாதம் வந்து போவதும் நின்றது. அவள் சண்டை போடவில்லை. சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஒரே ஒரு தடவை சொன்னாள்.

“எனக்குன்னு இருக்கிறது அவன் ஒருத்தன்தாங்க.”

தன் பக்கம்தான் நியாயம் என்று நிரூபிக்கவே ஹாரன் கார்ட்ரிட்ஜைத் தூக்கிக்கொண்டு ஆடியோ கடைக்குப் போனார். கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, கெட்டுப்போகவில்லை, இந்த ரகமே சன்னமாகத்தான் பேசும் என்றார். உள்ளே அசைகிற சுருள் லேசாக இருக்கக் கம்பியைக் கொஞ்சமாகத்தான் சுற்றுவார்களாம். துல்லியம் கூடும், சக்தி குறையும். அந்தக் குறைந்த சத்தத்தைத் தூக்கிக் கொடுக்க, ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

“இதைப் போய் வாங்கிக் குடுத்திருக்காருன்னா, அவருக்கு உங்க மேல உசிரு போலண்ணே,” என்றார் கடைக்காரர்.

ஹாரனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை.

டிரான்ஸ்ஃபார்மரை வாங்கி வந்து, இடம் மிச்சம் என்று ஆம்ப்ளிஃபையரின் தலைமேலேயே வைத்தார். உம்மென்று ஒரு முழக்கம். பழைய ஹாரனாக இருந்தால் கடைக்காரருக்கும் ஒரு ஃபோன் போயிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு அதை நகர்த்தி நகர்த்தி, ஒயர் எட்டுகிற மட்டும் தள்ளி வைத்தார். முழக்கம் அடங்கியது. பாடகி பாடுவதற்கு முன் மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது. ஈரக் கையோடு மனைவி ஹாலுக்கு வந்து நின்றாள்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மச்சினன் கடையில் கண்ணில் லென்ஸோடு குனிந்திருந்தான்.

“தப்பு என் மேலதான் மாப்ள. டிரான்ஸ்ஃபார்மர் போட்டேன். பாட்டு அப்படிக் கேக்குது. உங்கக்காகூட ஹாலுக்கு வந்து நின்னு கேட்டா.”

அவன் லென்ஸைக் கழற்றினான். “அது வேணும்னு எனக்குத் தெரியும் மாமா. சொல்லலாம்னு ஃபோனை எடுப்பேன். நீங்க சத்தம் போடுவீங்களோன்னு வெச்சிடுவேன்.” லென்ஸைத் துடைத்தான். “உங்க கல்யாணத்தப்ப நான் சின்னப் பையன். அப்பருந்தே உங்களைக் கண்டா பயம்.”

அந்தப் பையனைத் தோளில் தூக்கி வளர்த்ததாகத்தான் இத்தனை வருஷமும் அவர் டிப்போ முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். மச்சினன் பிரித்துப் போட்ட வாட்சை நிதானமாக மூடி முடிக்கும்வரை காத்திருந்தார்.

“வாங்க மாமா,” என்றான் அவன், ஷட்டரை இறக்கிக்கொண்டே. “அக்கா என்ன பாட்டு கேட்டுச்சு?”